பெல்ட்டின் சத்தம்: மாவு மில் முதல் ரிமோட் கார் வரை

பெல்ட்டால் ஓடும் எந்த இயந்திரமும் முழு அமைதியாக ஓடுவதில்லை. நல்ல நிலையில் இருக்கும்போதும் அது தனக்கென ஒரு சீரான ஒலியை எழுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒலி மாறும்போது கோளாறு எந்த உறுப்பில் தொடங்கியிருக்கிறது என்பதை எவ்வாறு கண்டறிவது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்திலுள்ள பூலாம்பாடிப் பேரூராட்சியையும் அதைச் சூழ்ந்த மானாவாரிச் சிற்றூர்களையும் எடுத்துக்கொண்டால், மக்காச்சோளக் கதிரடிக்கும் இயந்திரம், தெருமுனை மாவு மில், மிளகாயும் மல்லியும் அரைக்கும் பல்வரைசர், வீட்டு வாசலில் நிற்கும் கியரில்லாத ஸ்கூட்டர் என அன்றாட வாழ்வின் பல இயந்திரங்கள் பெல்ட்டையே நம்பி ஓடுகின்றன. இவற்றுள் ஒன்று கீச்சிடத் தொடங்கினால் பெரும்பாலும் செய்யப்படுவது இரண்டே: பெல்ட்டை இன்னும் இறுக்குவது, அல்லது அதன்மேல் மெழுகோ குங்கிலியமோ தடவுவது. இரண்டும் சத்தத்தைச் சில நாட்களுக்கு அடக்கும். ஆனால் மூலத்தைத் தொடாமல் விடுவதோடு, புதிய கோளாறு ஒன்றையும் உண்டாக்கிவிடும். சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பதைவிட, அது எந்தத் தாளத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும், எந்த நிலையில் தோன்றி எந்த நிலையில் மறைகிறது என்பதுமே கோளாறின் இருப்பிடத்தைச் சொல்லும்.

பெல்ட் எவ்வாறு விசையைக் கடத்துகிறது என்பது தெளிவானால்தான் அது ஏன் சத்தமிடுகிறது என்பதும் தெளிவாகும். மோட்டாரின் புல்லி சுழலும்போது, பெல்ட்டின் ஒரு பக்கம் விறைத்து இழுபடுகிறது. மறுபக்கம் தளர்ந்து திரும்புகிறது. இவ்விரு பக்கங்களின் இழுவிசை வேறுபாடே இயந்திரத்தைச் சுழற்றுகிறது. இந்த வேறுபாடு எவ்வளவு வரை போகலாம் என்பதை, பெல்ட் புல்லியைச் சுற்றியிருக்கும் கோணமும் இரண்டுக்கும் இடையிலான உராய்வும் தீர்மானிக்கின்றன என்பதை 18ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லரின் பெயரால் வழங்கும் சமன்பாடு காட்டுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்றும் பெல்ட் புல்லியின் பாதிச் சுற்றைத் தழுவுகிறது என்றும் கொண்டால், தட்டைப் பெல்ட்டில் விறைத்த பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தினதைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரைதான் உயர முடியும். அதற்கு மேல் சுமை ஏறினால் பெல்ட் வழுக்கும். ஆப்பு வடிவ வி-பெல்ட் 38 பாகைக் காடியின் இரு சரிவுகளுக்கிடையே நெரிந்து உட்காருவதால், அதே ரப்பரும் அதே இரும்பும் மும்மடங்கு உராய்வுடையனபோல் நடந்துகொள்கின்றன. கணக்களவில் இந்த விகிதம் 18 மடங்கு வரை போகிறது. தட்டைப் பெல்ட்டை மிக இறுக்கமாகக் கட்ட வேண்டியிருந்த பழைய மில்களில் வி-பெல்ட் இடம்பிடித்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் 1917இல் உருவாக்கிய ரப்பர் வி-பெல்ட் முதலில் மோட்டார் வாகனங்களுக்கும் பின்னர் ஆலைகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் மதுரைக் கோச்சடையிலுள்ள ஃபென்னர் ஆலையில் தயாராகும் வி-பெல்ட்டுகள் நெடுங்காலமாகக் கடைத்தெருவில் அறிமுகமானவை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வி-பெல்ட்டுகளின் அளவுகளை இந்தியத் தரநிலை 2494 வகுத்திருக்கிறது: ஏ பிரிவின் மேல் அகலம் 13 மி.மீ., பி பிரிவினுடையது 17 மி.மீ., சி பிரிவினுடையது 22 மி.மீ. கடைக்காரரிடம் ‘பி-75’ என்று கேட்கும்போது, பி பிரிவில் உட்சுற்று 75 அங்குலமுள்ள பெல்ட் கேட்கப்படுகிறது. பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் இந்த எண் சத்தத்தை ஆராய்வதற்கும் பயன்படும் என்பது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை.

வழுக்கலால் எழும் சத்தமே பெரும்பாலோர் அறிந்தது. மோட்டாரைப் போட்டவுடன் சில நொடிகள் நீண்டு ஒலித்து, இயந்திரம் வேகம் பிடித்ததும் அடங்கும் அலறல், தொடக்கத்தின் கூடுதல் இழுவையைப் பெல்ட் தாங்க முடியாமல் வழுக்குவதால் வருவது. தானியம் கொட்டப்பட்டுச் சுமை ஏறும் கணத்தில் மட்டும் அலறல் எழுந்தால் அதுவும் வழுக்கலே. வழுக்கும் ரப்பர் புல்லியின்மேல் ஒட்டியும் விடுபட்டும் நொடிக்குப் பல நூறு முறை அதிர்வதே இந்த ஒலியின் மூலம். வழுக்கும் இடத்தில் உராய்வுச் சூடு ஏறுவதும், ரப்பரின் பக்கச் சுவர் பளபளவென மெருகேறிக் கெட்டிப்படுவதும், கெட்டிப்பட்ட பெல்ட் மேலும் எளிதில் வழுக்குவதும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியாகின்றன. பெல்ட்டின் உட்சூடு 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பெல்ட் துறையினர் கையாளும் பொதுவிதி. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஓடும் இயந்திரத்தில் வழுக்கலும் சேர்ந்தால் ஒரு பருவத்துக்கான பெல்ட் சில வாரங்களிலேயே முடிந்துபோவதில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சீராகக் குருவி கத்துவதுபோல விட்டுவிட்டு வரும் சிறு கீச்சொலி, இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாததைக் காட்டுவது. பெல்ட் ஒவ்வொரு முறையும் காடிக்குள் சாய்வாக நுழைந்து, சரிவில் உரசிக்கொண்டே உட்காருவதால் அந்தக் கீச்சொலி பிறக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, வாகனத் துறையில் வழங்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓடும் பெல்ட்டின் உட்புறத்தில் சற்றுத் தூரத்திலிருந்து சிறிதளவு நீர் தெளிக்கும்போது கீச்சொலி சில நொடிகள் மறைந்து மீண்டும் வந்தால் நேர்கோடு பிசகியிருக்கிறது என்றும், நீர் பட்டவுடன் அலறல் கூடினால் இறுக்கம் போதவில்லை என்றும் கொள்ளலாம். மின்மோட்டாருக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது என்பதால், டிராக்டரிலும் டீசல் இன்ஜினிலும் மட்டுமே இச்சோதனை பொருந்தும். மெழுகும் குங்கிலியமும் ஏன் தீங்கானவை என்பதும் இவ்விடத்தில் விளங்கும். அவை வழுக்கலையும் கீச்சொலியையும் ஒருசேர மறைத்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டையே அழித்துவிடுகின்றன. அத்துடன் ஒட்டும் பரப்பில் தூசியைச் சேர்த்துக் காடியை அரைக்கின்றன.

நேர்கோட்டைச் சரிபார்க்கக் கொத்தனாரின் நூல் போதும். இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்தபின், இரண்டு புல்லிகளின் வெளிமுகங்களையும் தொட்டவாறு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் நான்கு விளிம்புகளையும் ஒருசேரத் தொட வேண்டும். ஏதேனும் ஒரு விளிம்பில் இடைவெளி தெரிந்தால், புல்லி சாஃப்டில் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அல்லது மோட்டாரின் அடித்தளம் திரும்பியிருக்கிறது. வி-பெல்ட்டுக்கு அரைப் பாகை வரை, அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 9 மி.மீ. வரை பிசகு பொறுக்கத்தக்கது. பல் பெல்ட்டுக்கு அதில் பாதிதான். மோட்டாரின் நான்கு போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தாலே இந்த எல்லை தாண்டப்பட்டுவிடும். அதனால் நூல் பிடிப்பதற்கு முன் அந்தப் போல்ட்டுகளைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சத்தத்தின் தாளத்தை எண்ணும் முறைக்கு இனி வரலாம். தெருமுனை மாவு மில் ஒன்றில் வழக்கமாகக் காணப்படும் அமைப்பை உதாரணமாகக் கொள்வோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று சுழலும் மூன்று ஃபேஸ் மோட்டார். அதன் சாஃப்டில் 150 மி.மீ. விட்டமுள்ள புல்லி, மில்லின் சாஃப்டில் 300 மி.மீ. புல்லி, இரண்டையும் இணைப்பது பி-75 பெல்ட். மோட்டார் நொடிக்கு 24 சுற்று சுழல்கிறது. பெரிய புல்லியுள்ள மில் சாஃப்ட் அதில் பாதியாக, நொடிக்கு 12 சுற்று சுழல்கிறது. பெல்ட் நொடிக்கு ஏறத்தாழ 11.3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரே பெல்ட் தன் முழுச் சுற்றை நொடிக்கு ஆறு முறைக்குச் சற்றுக் குறைவாக முடிக்கிறது. ஒரே இயந்திரத்துக்குள் ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று மூன்று தாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘டப், டப்’ என்ற தட்டல் நொடிக்கு ஆறு முறை, அதாவது காதால் ஓரளவு தனித்தனியாகப் பிரித்துணரக்கூடிய வேகத்தில் வந்தால், அது பெல்ட்டையே சேர்ந்தது. பெல்ட்டின் ஓரிடத்தில் வெடிப்போ, அடுக்கு பிரிந்த புடைப்போ, தட்டைப் பெல்ட்டானால் இணைப்பு உலோகப் பின்னோ புல்லியைக் கடக்கும்போதெல்லாம் தட்டுகிறது. தட்டல் அதைவிட இருமடங்கு வேகமாகப் படபடத்தால் மில் சாஃப்டையும், தனித்தனியாக எண்ணவே முடியாத உறுமலாக மாறிவிட்டால் மோட்டார் சாஃப்டையும் ஐயுற வேண்டும். பெல்ட்டைத் தொடாமலே, கைப்பேசியில் பத்து நொடி ஒலியைப் பதிந்து மெதுவாக ஓடவிட்டு எண்ணினால் விடை கிடைத்துவிடும். காதின் அனுபவம் உயர்ந்ததுதான். ஆயினும் எண்ணிப் பார்த்த தாளத்தோடு மோதும்போது அனுபவம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பெல்ட்டின் இறுக்கத்தையும் இவ்வாறே அளக்க முடியும். இரு புல்லிகளுக்கு இடைப்பட்ட நடுப்பகுதியில் விரலால் அழுத்தும்போது ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மி.மீ. என்ற கணக்கில் பெல்ட் உள்வாங்க வேண்டும் என்பது பொதுவிதி. மேற்சொன்ன மாவு மில்லில் அது 10 மி.மீட்டருக்கு அருகில் வரும். எவ்வளவு அழுத்தத்தில் என்பதைப் பெல்ட்டின் பிரிவுக்கேற்பத் தயாரிப்பாளர் அட்டவணை குறிப்பிடும். வேறொரு வழி, இயந்திரம் நின்றிருக்கும்போது வீணைத் தந்தியைப்போல் பெல்ட்டைச் சுண்டி, அது எழுப்பும் தாழ்ந்த ஒலியின் அதிர்வெண்ணைக் கைப்பேசியில் அளப்பது. இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இருமடங்காகும் என்பதால், ஒலியில் சிறிது ஏற்றம் தெரிந்தாலே பெல்ட் கணிசமாக இறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். புதுப் பெல்ட் முதல் நாள் ஓட்டத்திலேயே காடியில் நன்கு அமர்ந்து சற்றுத் தளரும். ஆகவே மாட்டிய மறுநாள் மீண்டும் அளந்து இறுக்குவது வேலையின் ஒரு பகுதி. இந்த இரண்டாம் இறுக்கல் விடுபட்டுப்போவதால்தான் ‘புது பெல்ட்டும் கத்துகிறது’ என்ற குறை பல இடங்களில் எழுகிறது.

அளவுக்கு மீறி இறுக்குவதன் விலை பேரிங்கில் விழுகிறது. பெல்ட்டின் இரு பக்க இழுவிசைகளின் கூட்டுத்தொகை முழுவதும் சாஃப்டை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதால், இறுக்கம் கூடக்கூடப் பேரிங்கின் சுமையும் கூடும். பந்துப் பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதால், சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். முதல் மாதத்தில் கீச்சொலியை அடக்க இறுக்கிய பெல்ட், ஆறாம் மாதத்தில் பேரிங்கின் ஊளையாகத் திரும்பி வருகிறது. பேரிங் ஒலிக்கும் தனித் தாளம் உண்டு. பரவலாகப் புழங்கும் 6205 பேரிங்கில் ஒன்பது பந்துகள் உள்ளன. வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்தால், சாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.6 முறை பந்துகள் அதில் இடறும். நொடிக்கு 12 சுற்று சுழலும் சாஃப்டில் அது நொடிக்கு 43 இடறல்களாகி, கரகரப்பான தாழ்ந்த முனகலாகக் கேட்கும். சாஃப்டின் தாளத்தோடு முழு எண்ணாகப் பொருந்தாமல் சற்றே விலகியிருப்பதே அதன் அடையாளம். மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது இந்த முனகலைப் பிற ஒலிகளிலிருந்து பிரிப்பதற்கே. சுழலும் பகுதியிலிருந்து கை விலகியிருக்கும்வரை அது நம்பத்தக்க முறை.

மின்சாரத்தால் எழும் உறுமலைப் பெல்ட்டின் கணக்கில் எழுதிவிடுவதும் நிகழ்கிறது. மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்தாலோ மின்னழுத்தம் தாழ்ந்தாலோ மோட்டார் கனமாக உறுமும், பெல்ட்டும் திணறும். இதைப் பிரிக்கும் வழி மிக எளிது. இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது சுவிட்சை அணைத்தால், சாஃப்ட் இன்னும் சுழன்றுகொண்டிருக்கையிலேயே சத்தம் அறவே நின்றால் அது மின்சாரம் சார்ந்தது. வேகம் குறையக் குறையத் தானும் தாழ்ந்து இறங்கினால் அது பெல்ட், புல்லி, பேரிங் ஆகியவற்றில் ஒன்றைச் சார்ந்தது. ஒரு ரூபாய் செலவில்லாத இச்சோதனையை முதலில் செய்யாமல் பெல்ட் வாங்க ஓடுவது வீண்.

பெரம்பலூர்ப் பகுதியின் கரிசல் மண்ணில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் மக்காச்சோளம் தை, மாசி மாதங்களில் களத்துக்கு வரும்போது, மேற்சொன்னவை எல்லாம் ஒரே இயந்திரத்தில் ஒன்றுசேர்கின்றன. டிராக்டரின் பின்புற விசைத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்ற நிலையான வேகத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. அங்கிருந்து ஒரு பெல்ட் தொகுதி மணியை உதிர்க்கும் உருளைக்கும், மற்றொன்று சக்கையை ஊதித் தள்ளும் விசிறிக்கும், இன்னொன்று சல்லடையை முன்னும் பின்னும் ஆட்டும் சாஃப்டுக்கும் செல்கின்றன. விசிறி மிக வேகமாகவும் சல்லடை மிக மெதுவாகவும் இயங்குவதால், ஒவ்வொன்றும் தனித் தாளம் உடையது. சல்லடையின் ஆட்டத்தோடு சேர்ந்து ‘கடக், கடக்’ என்று வரும் சத்தம் பெரும்பாலும் அதன் கம்பி மூட்டிலோ புஷ்ஷிலோ விழுந்த இடைவெளியால் வருவது. பெல்ட்டுக்கு அதில் பங்கில்லை. கதிர் போடும்போது மட்டும் வரும் அலறல் உருளையின் பெல்ட் வழுக்குவதால் வருவது. கதிர் இல்லாதபோதும் ஓயாத ஊளை விசிறியின் பேரிங்கில் தேடப்பட வேண்டும். ஏனெனில் மக்காச்சோளத்தின் நுண்ணிய தூசி முதலில் போய்ச் சேர்வது அங்குதான். இவ்வளவு சத்தங்கள் கலந்திருக்கும்போது காதை மட்டும் நம்புவதைவிட, இயந்திரத்தை நிறுத்தி ஒவ்வொரு பெல்ட்டாகக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்ப்பதே உறுதியான முறை. எந்தப் பெல்ட்டைக் கழற்றியபோது சத்தம் மறைந்ததோ, அந்தப் பெல்ட்டும் அது ஓட்டும் சாஃப்டும் அடங்கிய வட்டத்துக்குள் கோளாறு சிக்கிக்கொள்கிறது.

இரண்டு, மூன்று பெல்ட்டுகள் அருகருகே ஓடும் உருளைப் புல்லியில் இன்னொரு வகைக் கோளாறு உண்டு. ஒன்று அறுந்தவுடன் அதை மட்டும் புதிதாக மாற்றினால், நீண்டு தளர்ந்த பழைய பெல்ட்டுகளோடு குறுகிய புதுப் பெல்ட் ஒன்று சேர்கிறது. சுமை முழுவதையும் அந்தப் புதியது தாங்க, பழையவை தளர்ந்து படபடவென அடித்துக்கொள்கின்றன. அந்தப் படபடப்பைக் கேட்டு மீண்டும் இறுக்கினால் புதுப் பெல்ட் முதலில் அறும். தொகுதியாக ஓடும் பெல்ட்டுகளைத் தொகுதியாகவே, ஒரே நிறுவனத்தின் ஒரே அளவில் மாற்ற வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. காடியையும் உடன் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள காடியில் பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்புக்கு ஏறத்தாழச் சமமாக நிற்கும். அடிப்பகுதி காடியின் தரையைத் தொடாது. காடியின் தரை பளபளத்திருந்தால் பெல்ட் ஆப்பாக நெரிவதற்குப் பதிலாகத் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது, சரிவுகள் 0.8 மி.மீட்டருக்கு மேல் குழிந்திருந்தால் புல்லியையே மாற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் இயந்திரம் நின்றால், களத்தில் குவித்த கதிரும் கூலிக்கு வந்தவர்களின் நாளும் ஒருசேர வீணாகும் என்பதால், புல்லிக்குச் செலவிடத் தயங்கி ஆண்டுதோறும் பெல்ட் வாங்குவது சிக்கனம் ஆகாது. ஆயுத பூஜைக்கு இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டிடும் நாளிலேயே காடிகளையும் தடவிப் பார்ப்பது, மக்காச்சோளப் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்னதாகவே குறையைக் கண்டுகொள்ள உதவும்.

வழுக்கலுக்கே இடமில்லாதது பல் பெல்ட். அமெரிக்காவில் 1940களில் தையல் இயந்திரத்துக்காக ரிச்சர்ட் கேஸ் உருவாக்கிய இந்த வகையில், பெல்ட்டின் உட்புறப் பற்கள் புல்லியின் பள்ளங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடுகின்றன. கார் இன்ஜின்களின் டைமிங் பெல்ட்டாகவும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் மெல்லிய பெல்ட்டாகவும் இன்று பரவியிருப்பது இதுவே. இவ்வகையின் சத்தத்தைப் படிப்பதற்கு மிகத் தெளிவான மாதிரி, ரிமோட்டால் ஓடும் பத்தில் ஒரு பங்கு அளவுப் பந்தயக் கார். 1987இல் இங்கிலாந்தின் ராம்ஸியில் நடந்த நான்கு சக்கர இயக்கப் பிரிவு உலகப் போட்டியில் ஜப்பானின் மசாமி ஹிரோசாக்கா வென்றது, ஷூமேக்கர் நிறுவனத்தின் கேட் எக்ஸ்எல்எஸ் என்ற பெல்ட் காரைக் கொண்டு. அதன் பிறகு பல பந்தயக் கார்கள் இந்த அமைப்பை ஏற்றன. மோட்டாரின் சிறு பற்சக்கரம், நடுச் சாஃப்டிலுள்ள பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுச் சாஃப்டிலுள்ள புல்லிகளிலிருந்து ஒரு நீண்ட பெல்ட் முன்பக்க டிஃபரன்ஷியலுக்கும் ஒரு குட்டைப் பெல்ட் பின்பக்க டிஃபரன்ஷியலுக்கும் செல்கின்றன. டிஃபரன்ஷியல் என்பது வளைவில் இடச் சக்கரமும் வலச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் உறுப்பு.

இக்காரின் சத்தத்திலும் கணக்கே முதல் வழிகாட்டி. சக்கர விட்டம் 63 மி.மீ. உள்ள கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடும்போது சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 50 சுற்று சுழலும். டிஃபரன்ஷியல் புல்லியில் 36 பற்கள் இருந்தால், பெல்ட்டின் பற்கள் நொடிக்கு 1800 முறை பள்ளங்களில் விழுகின்றன. நடுப் புல்லி 18 பற்களும் பெரிய பற்சக்கரம் 70 பற்களும் கொண்டதானால், பற்சக்கரங்கள் நொடிக்கு 7000 முறை கவ்வுகின்றன. இரண்டும் ஒரே காரில் கேட்டாலும், முன்னது நடுத்தரமான ரீங்காரம். பின்னது காதைக் குத்தும் சீழ்க்கை. ‘பெல்ட் கார் அதிகமாகக் கத்துகிறது’ என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் கத்துவது பெல்ட்டன்று, மோட்டாரின் பற்சக்கரமே என்பது இந்தக் கணக்கால் விளங்கும். பற்சக்கரங்கள் மிக நெருங்கிக் கவ்வினால் சீழ்க்கை ஓயாமல் எழும். மிக விலகினால் முடுக்கும்போது கரகரத்துப் பற்கள் உதிரும். மெல்லிய தாள் துண்டை இரண்டுக்கும் இடையே செருகி, மோட்டாரை நெருக்கி முடுக்கியபின் தாளை உருட்டி எடுத்தால் வேண்டிய இடைவெளி கிடைக்கும். பெரிய சக்கரத்தை முழுச் சுற்றும் கையால் திருப்பி, எந்த இடத்திலும் இறுகாமலிருப்பதையும் பார்க்க வேண்டும்.

பெல்ட்டுக்கே உரிய சத்தம் வேறு வகையில் வெளிப்படும். நீண்ட பெல்ட்டில் 180 பற்கள் இருந்தால் அது மேற்சொன்ன வேகத்தில் நொடிக்கு 10 முறை முழுச் சுற்றை முடிக்கும். அந்தத் தாளத்தில் வரும் டிக் ஒலி, பற்களுக்கிடையே சிக்கிய ஒரு மணற்கல்லையோ உடைந்த ஒரு பல்லையோ காட்டுகிறது. முழு வேகத்துக்கு முடுக்கும்போதோ திடீரென நிறுத்தும்போதோ மட்டும் ‘டட்டட்’ என்று எழுந்தால், தளர்ந்த பெல்ட் பள்ளம் தாவுகிறது. பல கார்களில் டிஃபரன்ஷியலின் பேரிங் கூடு மையம் விலகிய வளையமாக அமைந்திருப்பதால், அதை ஒரு படி திருப்பினாலே இறுக்கம் மாறும். ஒரு படிக்கு மேல் திருப்பினால் மோட்டார் சூடாவதும் பேட்டரி விரைவில் தீர்வதும் உடனே தெரிய வரும். பெல்ட்டின் விளிம்பில் நூல் பிரிந்து கருந்தூள் சேர்ந்திருந்தால் அது அடித்தட்டிலோ பக்கச் சுவரிலோ உரசுகிறது. மோதலில் வளைந்த அடித்தட்டு அதற்குப் பெரும்பாலும் காரணம். வளைவில் மட்டும் வரும் தடதடப்பு பெல்ட்டுக்குத் தொடர்பற்றது. சக்கரத்துக்குச் செல்லும் இணைப்புத் தண்டின் மூட்டிலேயே அதைத் தேட வேண்டும். மோட்டாரின் மின்கம்பிகளைக் கழற்றிவிட்டு, முன் பெல்ட்டையும் பின் பெல்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கிச் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பார்ப்பது, களத்து இயந்திரத்தில் பெல்ட்டுகளைக் கழற்றிப் பார்ப்பதன் சிறு வடிவமே. இயந்திரவியல் கற்கும் மாணவருக்கு இந்தக் கார் மிகச் சிறந்த பயிற்சிக் கருவி. கோளாறு ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே உண்டாக்கி அதன் ஒலியைக் கேட்டுப் பழகலாம். விரல் சிக்கினாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

களத்து இயந்திரத்தில் அவ்வாறு சொல்ல முடியாது. மேலே சொன்ன சோதனைகளில் ஓட்டத்தின்போது செய்யத்தக்கவை கேட்பதும், எண்ணுவதும், பதிவுசெய்வதும், சுவிட்சை அணைத்துப் பார்ப்பதும், தொலைவிலிருந்து நீர் தெளிப்பதும் மட்டுமே. தொட்டுப் பார்ப்பவை அனைத்தும் டிராக்டர் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகோ, மின்சாரத்தின் மெயின் சுவிட்சை இறக்கிய பிறகோதான். 2025 வரை நடைமுறையிலிருந்த தொழிற்சாலைச் சட்டம், 1948, தன் 21ஆம் பிரிவில் சுழலும் பகுதிகளுக்கு உறுதியான காப்பு வேண்டும் என்றது. அதன் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தை ஆராய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்த, பயிற்சி பெற்ற ஆணாக இருக்க வேண்டும் என்றும், 15 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள பெல்ட்டை ஓடும் புல்லியில் கையாளக் கூடாது என்றும் வரையறுத்தது. வயலில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்களை ஒழுங்குபடுத்த 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் தனியாக இயற்றப்பட்டது. ஆனால் களத்தில் இயந்திரத்தின் அருகே நிற்பவர்கள் வேட்டியும் சேலையும் துண்டும் அணிந்தவர்கள். பெல்ட்டின் கீச்சொலி எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்க்கும் கணமே மிக ஆபத்தான கணம். பெல்ட்டை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்காகக் காப்புத் தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடும் வழக்கத்துக்கு மாற்றாக, தகட்டுக்குப் பதில் விரல் நுழையாத கம்பிவலைக் காப்பு பொருத்தினால், பெல்ட்டின் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். அதன் ஒலியும் மறையாது. தூசியும் தேங்காமல் வெளியேறும். சேலைத் தலைப்பும் துண்டும் புல்லியைத் தொடா.